சீசரும் கோபாவும்: நடிப்பா, கணினி வரைகலையா?

மனிதக் குரங்குகளைப் பற்றிய புதிய ‘பிளனட் ஒஃப் த ஏப்ஸ்’ திரைப்பட வரிசையில், 2014இல் வெளியான ‘டோன் ஒஃப் த பிளனட் ஒஃப் த ஏப்ஸ்’ என்ற இரண்டாம் பாகத்தில் குரங்குகளாக நாம் காண்பது நடிப்பா, கணினி வரைகலையா என்று ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்டுள்ளார். இரண்டும்தான், ஆயினும் அதன் உயிர் நடிகர்களுடையது என்பதே என் உறுதியான கருத்து.

குரங்குகளின் தலைவன் சீசராக நடித்த அன்டி சேர்கிஸ் முதலியோரின் உடலசைவுகள் குறியிட்ட ஆடைகளின் வழியாகவும், முகபாவங்கள் தலையில் பொருத்திய சிறு கமராக்களின் வழியாகவும் பதிவாக, அவற்றின்மீது நியூசிலாந்தின் வேட்டா டிஜிட்டல் கலைஞர்கள் தோலையும் உரோமத்தையும் உருவாக்கினர். இப்பதிவின் பெரும்பகுதி ஸ்டூடியோவுக்கு வெளியே நடந்தது; கனடாவின் ஈரக் காடுகளும் அதற்குக் களமாயின.

டொபி கெபல் நடித்த கோபா என்ற குரங்கு, ஆயுதம் தாங்கிய மனிதர்கள் முன் கோமாளித்தனம் காட்டி அவர்களைச் சிரிக்க வைத்து, அவர்கள் அசந்த கணத்தில் துப்பாக்கியைத் திருப்பும் காட்சியைக் கவனியுங்கள். விளையாட்டிலிருந்து வெறுப்புக்கு அம்முகம் மாறுவதை எந்த மென்பொருளும் தானாகப் படைத்துவிடாது.

மனிதப் பாத்திரங்கள் இந்த ஆழத்துடன் எழுதப்படவில்லை, அது குறையே. எனினும், மின்சாரத்துக்காக ஓர் அணையை நாடி மனிதர் குரங்குகள் வாழும் காட்டுக்குள் நுழைவதிலிருந்து பகை மூள்வது, மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியதை அறிந்த மலையகத்தவருக்கு வெறும் கற்பனையாகத் தோன்றாது.