வைத்தியரைக் காணப் போகுமுன்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. பிரஷரும் நீரிழிவும் உண்டு. முதன்முறையாக விசேட வைத்திய நிபுணர் ஒருவரைக் காண நேரம் பதிந்து சனல் செய்திருக்கிறோம். என்ன ஆயத்தத்தோடு போக வேண்டும்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: சனல் துண்டுச் சீட்டில் உள்ள நேரத்தை நம்பி அவசரப்படாதீர்கள். வைத்தியர் வந்த பிறகே நம்பர்கள் நகரும். உள்ளே கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். ஆகவே என்ன வருத்தம், எப்போதிருந்து, எதனால் கூடுகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். குடும்பக் கதை பிறகு.

மிக முக்கியமானது மருந்து. "வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று" என்றால் எவருக்கும் விளங்காது. எல்லாவற்றையும் உறையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், ஆயுர்வேத மருந்தும் சேர்த்து. மறைத்தால் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் எழுதப்பட்டுவிடலாம். ஒவ்வாமை இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். பழைய இரத்த அறிக்கைகள், ஈசிஜி, கிளினிக் கொப்பி எல்லாம் திகதிப்படி அடுக்கியிருக்கட்டும்.

பிரஷர் மாத்திரையை அன்றும் வழக்கம்போல் எடுக்க வேண்டும். பலர் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அளவு ஏறிக் காட்டும், தேவையில்லாமல் மருந்தும் கூடும். அளக்குமுன் அரை மணித்தியாலம் தேத்தண்ணீர், கோப்பி வேண்டாம். 5 நிமிடம் சாய்ந்து, பேசாமல் இருக்கட்டும். சட்டைக் கை தளர்வாக இருப்பது நல்லது.

வெறுவயிற்றுச் சீனிப் பரிசோதனை சொல்லியிருந்தால் 8 மணித்தியாலம் தண்ணீர் மட்டும். சாப்பிடாமல் நீரிழிவு மாத்திரை போடக்கூடாது. சீனி சட்டென்று இறங்கிவிடலாம்.

எழும்புமுன் கேளுங்கள்: மருந்து சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், என்ன நடந்தால் உடனே வர வேண்டும்? விளங்கவில்லையென்றால் தயங்காமல் மறுபடி கேளுங்கள்.