குடும்ப டாக்டர் இல்லாத ஊரில் அம்மாவின் சர்க்கரையை யார் பார்ப்பது?

கேள்வி: எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பல வருடமாகப் பார்த்துவந்த டவுன் டாக்டர் காலமாகிவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போகும்போதெல்லாம் வேறு வேறு டாக்டர். இனி எல்லாவற்றுக்கும் தஞ்சாவூர் ஓட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொற்றா நோய்ப் பிரிவில் அம்மாவின் பெயரைப் பதியுங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். அதற்காக டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

பழைய டாக்டருக்கு மனப்பாடமாக இருந்த விவரமெல்லாம் இனி ஒரு நோட்டில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் என்னென்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எது ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியது என்று எழுதுங்கள். அடுத்தடுத்த பக்கங்களில் தேதி போட்டு பிரஷர் அளவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வருடம் ஒருமுறை கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின், அதோடு கண்ணின் விழித்திரைப் பரிசோதனை. எந்த டாக்டர் உட்கார்ந்திருந்தாலும் முதலில் நோட்டை நீட்டுங்கள்.

எனக்கு அதிகக் கவலை அம்மாவின் பாதத்தைப் பற்றித்தான். நடவுக்கும் களையெடுக்கவும் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்களுக்குச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தால், நத்தை ஓடு கிழித்தாலும் தெரியாது. தினமும் கால் கழுவித் துடைத்தபின் விரலிடுக்கைப் பிரித்து, குதிகால் வெடிப்பு வரை நீங்களே பாருங்கள். சின்னப் புண் என்றாலும் மறுநாளே காட்டுங்கள். விரலையே எடுக்க வேண்டிவந்த பலருக்கும் அது தொடக்கத்தில் வெறும் கீறல்தான். மூட்டுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், கிட்னி கெடும்.

நெஞ்சுவலி, வாய் குழறல், ஒருபக்கம் கை கால் விழுதல் என்றால் உடனே 108. பெரிய ஆஸ்பத்திரி தேவைப்பட்டாலும் திருவாரூர் மருத்துவக் கல்லூரிதான் உங்களுக்குப் பக்கம்.

டாக்டர்கள் ஏன் தங்குவதில்லை? மருத்துவப் பட்டமேற்படிப்பில் தமிழக அரசு நிரப்பும் இடங்களில், பணியில் இருக்கும் அரசு டாக்டர்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு உண்டு. அது அவசியம், அரசு ஆஸ்பத்திரிகளுக்குச் சிறப்பு மருத்துவர்கள் கிடைப்பதே அதனால்தான். ஆனால் படித்து முடித்தவர் பெரும்பாலும் கிராமத்துக்குத் திரும்புவதில்லை. கிராமத்திலேயே இருந்தபடி மேலே வர வழி செய்யாதவரை அந்த நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டேதான் இருக்கும். பணமும் ஒரு காரணம். சுகாதார நிதியில் மூன்றில் இரண்டு பங்காவது அடிப்படை மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்றது 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை. நாமோ காப்பீட்டு அட்டையோடு திருப்தியாகிவிடுகிறோம். அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் உதவும்.

நீங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீசியன் பணியிடங்கள் எத்தனை, எவை எப்போதிலிருந்து காலி என்று மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு கிராம சபைக்குப் போய், காலியிடத்தை நிரப்பச் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கையோடு வாங்கி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.