சௌடரில் தக்காளி போடலாமா?

கேள்வி: ஊட்டியில் விடுதி நடத்துகிறோம். மட்டி சௌடரில் (மட்டிச் சிப்பியின் சதை போட்ட அமெரிக்க சூப்) தக்காளி சேர்த்ததற்கு அமெரிக்க விருந்தினர் ஒருவர் 'இது சௌடரே இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார். பால் ஊற்றினாலோ திரிகிறது. எது அசல்?

பதில்: எல்லாமே அசல்தான், ஊர்தான் வேறு. பாஸ்டன் பக்கம் பாலும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும். மன்ஹாட்டன் வகையில் பாலே கிடையாது, தக்காளி. ரோட் ஐலண்டின் தென்பகுதியில் இரண்டும் இல்லாத தெளிந்த சாறு. சௌடரில் தக்காளியைத் தடைசெய்ய 1939இல் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாவே வந்தது. உங்கள் விருந்தினரின் கோபம் புதிதல்ல. மெனுவில் 'மன்ஹாட்டன்' என்று சேர்த்து அச்சடியுங்கள், பாதிச் சண்டை ஓயும்.

பால் வகைக்கு: மலை ஏறி வந்த மட்டியில், தட்டியும் வாய் மூடாததை எறிந்துவிடுங்கள். மீதியை லிட்டருக்கு 30 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மணலைக் கக்கும். மூடி வேகவைத்து, ஓடு திறந்ததும் சதையை எடுத்து, சாற்றைத் துணியில் வடிகட்டுங்கள். 2 மேசைக்கரண்டி மைதாவை வெண்ணெயில் வதக்கி அந்தச் சாற்றில் கரைத்து, உருளைக்கிழங்கை வேகவிடுங்கள். ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிப்பதால் நேரம் கூடுதலாகும். கிழங்கு முழுதாக வெந்த பிறகே, சூடாக்கிய 400 மில்லி கொழுப்பு நீக்காத பால். அதன்பின் கொதிக்கவே கூடாது. நீங்கள் தவறுவது அங்கேதான். சதையைக் கடைசி ஒரு நிமிடத்தில் போடுங்கள், இல்லையென்றால் ரப்பர்.