மகளுக்குக் காமிக்ஸ் பிடிக்கவில்லையா?

உங்கள் 90களின் சூப்பர்ஹீரோ இதழ்களை 13 வயது மகள் புரட்டிவிட்டு மூடிவைக்கிறாள் என்பதால், அவளுக்குக் காமிக்ஸே ஆகாது என்று முடிவுகட்டாதீர்கள். சிக்கல் அந்த இதழ்களில்தான் இருக்கும்.

அவற்றில் பல பெண்கள் நீச்சலுடை போன்ற ஒன்றில் சண்டை போடுவார்கள். இல்லையென்றால் நாயகனுக்குக் கோபம் வரவழைக்கச் சாவார்கள். 1994இல் கிரீன் லான்டர்ன் என்ற சூப்பர்ஹீரோவின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்தார்கள். இப்படிப் பாதிக்கப்பட்ட பெண் கதாபாத்திரங்களை 1999இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன் பட்டியலே போட்டார், அது நீண்டுகொண்டே போனது.

கமலா கான் நாயகியாக வரும் 'மிஸ் மார்வெல்' (2014) முதல் தொகுப்பை ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துப் பாருங்கள். கமலா அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிப் பள்ளி மாணவி. வீட்டுக் கண்டிப்பு முதலில், சக்தியெல்லாம் அப்புறம்.

ஆனால் நாயகி பெண் என்பதாலேயே பிடித்துவிடாது. அவளுக்குப் பேய்க் கதை மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) பிடிக்கலாம், யார் கண்டது? கடையில் அவளே எடுக்கட்டும்.