விண்வெளியில் ஆயுதம் கூடாது என்கிற பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

குமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ, பயோ மேத்ஸ் குரூப். நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்ட வீட்டில் தயார். பிள்ளையோ, விண்வெளியில் ஆயுதம் வராமல் தடுக்கிற வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். "இப்படி ஒரு வேலை உண்டுமா, இல்ல படிக்க மடிச்சு சாக்கு சொல்லுகாளா?"

உண்டு அம்மா, சம்பளத்தோடு உண்டு. ஆனால் அந்தப் பெயரில் விளம்பரம் வராது. அதனால்தான் உங்களுக்குச் சந்தேகம்.

முதலில் பிள்ளை சொல்வதில் இருக்கும் நியாயத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மீன் எங்கே கூடும் என்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் தகவலுக்கு, கடல் நிறத்தையும் வெப்பத்தையும் பார்க்கும் செயற்கைக்கோள்கள் வேண்டும். நம்முடைய ஓஷன்சாட் பூமிக்கு மேல் 700 கி.மீ.க்குச் சற்று அதிகமான உயரத்தில் சுற்றுகிறது. 2007-இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் உடைத்தது ஏறக்குறைய 850 கி.மீ. உயரத்தில். கண்காணிக்கக்கூடிய அளவிலேயே 3,000 துண்டுகளுக்கு மேல் சிதறின. பலவும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2021-இல் ரஷ்யா ஒன்றை உடைத்தபோது சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் விண்கலங்களுக்குள் போய் ஒதுங்க வேண்டியிருந்தது. அமெரிக்காவும் 2008-இல் செய்திருக்கிறது. 2019 மார்ச்சில் நாமும் செய்தோம். துண்டுகள் சீக்கிரம் விழட்டும் என்று 300 கி.மீ.க்குள் வைத்து உடைத்தோம். ஒக்கி புயலுக்குப் பிறகு கடலில் எச்சரிக்கை கிடைப்பதற்கே செயற்கைக்கோளை நம்பியிருக்கிற ஊரில் பிறந்த பிள்ளை இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் நிறுத்தக்கூடாது, நிலவில் ராணுவத் தளமே கூடாது என்கிறது அதன் நான்காவது பிரிவு. சாதாரண ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் வைப்பதையோ, தரையிலிருந்து ஏவுகணை விட்டுச் செயற்கைக்கோளை உடைப்பதையோ அது தடுக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் பல வருடங்களாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

பேச்சு ஏன் இழுக்கிறது தெரியுமா? இன்னொரு செயற்கைக்கோளுக்கு எரிபொருள் நிரப்பப் பக்கத்தில் போகிற ஒன்று, நினைத்தால் அதை முறிக்கவும் செய்யலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அது எந்த நோக்கத்தில் நகர்ந்தது என்று சுற்றுப்பாதைக் கணக்கைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும், ஒப்பந்த வாசகத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகளுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அதனால் கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிட வேண்டாம். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கட்டும், அல்லது பி.டெக். ஜேஇஇ அட்வான்ஸ்டில் நல்ல மதிப்பெண் வந்தால் திருவனந்தபுரம் பக்கம் வலியமலையில் இருக்கும் ஐஐஎஸ்டி என்ற விண்வெளிக் கல்வி நிறுவனம், உங்கள் ஊருக்குப் பக்கம். வராவிட்டாலும் குடி முழுகிப் போகாது. 2025-இல் இஸ்ரோவின் தலைவரான நம் மாவட்டத்துக்காரர் வி. நாராயணன் டிப்ளமோவில் தொடங்கியவர்தான். விண்வெளிக் குப்பையையும் மோதல் அபாயத்தையும் கண்காணிக்கவென்றே இஸ்ரோவுக்குப் பெங்களூருவில் ஒரு மையம் இருக்கிறது. இல்லையென்றால் டிகிரி முடித்து டெல்லி ஜேஎன்யுவில் சர்வதேச உறவுகள், அப்புறம் யுபிஎஸ்சி எழுதி வெளியுறவுப் பணி. வெளியுறவு அமைச்சகத்தில் ஆயுதக் குறைப்புக்குத் தனிப் பிரிவே உண்டு.

சட்டம் பிடித்தால் நேரடியாக ஐந்தாண்டுப் படிப்பு. கிளாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வு எழுதினால் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: விண்வெளிச் சட்டம் படித்தவர்களில் பலருக்குச் சோறு போடுவது தனியார் கம்பெனிகளின் உரிமமும் ஒப்பந்தமும்தான். ஆயுதத் தடுப்பு வேலை எண்ணிக்கையில் குறைவு, பிடிபடவும் வருடங்கள் ஆகும். வீட்டுக் கடன் நிலையைப் பொறுத்து இதை யோசியுங்கள்.

இஸ்ரோவுக்குப் போனால் குண்டு செய்யச் சொல்வார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏவுகணை டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் வேலை, அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 2019 சோதனையும் அவர்களுடையதே. இஸ்ரோ தனித் துறை. ஆனாலும் கடற்படைக்கான ஜிசாட்-7 தொடர்புச் செயற்கைக்கோள் இஸ்ரோ செய்ததுதான். தொடர்பு கொடுக்கும் செயற்கைக்கோள் வரை சரி, அதற்கு மேல் வேண்டாம் என்று பிள்ளை நினைத்தால், அந்தக் கோட்டை அவளே போடட்டும். நீங்களோ நானோ போட வேண்டாம்.

நீட் பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அந்த 1967 விண்வெளி ஒப்பந்தம் மொத்தமே 17 பிரிவுகள், சில பக்கங்கள். இணையத்தில் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சந்தேகங்களை எழுதி வைத்துக்கொண்டு வந்தால் உட்கார்ந்து பேசலாம். கிளாட் தேர்வு பொதுவாக டிசம்பர் தொடக்கத்தில் வரும், விண்ணப்பம் அதற்கு முன்பே மூடிவிடும். தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.