டிடெக்டிவ் ஸ்பெஷல் திரும்ப வரவேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் நிறுத்திவைத்திருந்த கோப்ரா, பைத்தான் என்ற ரிவால்வர்களை மறுபடி தயாரிக்கிறது. டிடெக்டிவ் ஸ்பெஷல் என்ற சின்ன ரிவால்வரையும் கொண்டுவரலாமே? ரப்பர் ஷீட் விற்ற பணத்தோடு இரவில் வீடு திரும்புகிறவனுக்கு அது உதவுமே?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: கோல்ட் தாராளமாகச் செய்யட்டும். 1927-இல் வந்த டிடெக்டிவ் ஸ்பெஷல் அருமையான வேலைப்பாடு. கோட்டுப் பைக்குள் அடங்கும் உடம்பில் ஆறு தோட்டாக்கள். ஆனால் 2017-இல் வந்த புதிய கோப்ராவே ஏறக்குறைய அதுதான். அதே .38 ஸ்பெஷல் வகைத் தோட்டா, அதே போல ஆறு, இரண்டு அங்குலக் குழல். பழைய கோப்ராவின் அலுமினியச் சட்டத்தை விட்டு எஃகுக்கு மாறியதால் எடை சுமார் 425 கிராமிலிருந்து 700 கிராமுக்கு ஏறிவிட்டது. ஏறியதும் நல்லதுதான், எடை குறையக் குறைய துப்பாக்கி கையை உதைக்கும்.

உங்கள் இரவுப் பயணத்துக்கு அது வேண்டாம் என்பேன். விளையாட்டு வீரர்களை விட்டால், நம் நாட்டில் பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய 1980-களிலிருந்தே தடை. உள்ளூர்த் தயாரிப்பு வாங்கலாம். கான்பூர் தொழிற்சாலை 2014-இல் 500 கிராம் எடையில் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை இறக்கியது. லைசென்ஸ் கிடைத்து வாங்கியும் விட்டீர்கள், சரி. அப்புறம்? குட்டைக் குழலில் குறி பார்ப்பது கஷ்டம். துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலை முதலில் இழுத்து வைக்காமல் சுட்டால் விரலால் இழுக்கும் விசை கனமாக இருக்கும், அழுத்தும்போதே முனை விலகிவிடும். இதைப் பழக நிறையத் தோட்டா செலவாகும். வருடத்துக்கு இத்தனைதான் என்று லைசென்ஸிலேயே எழுதிக் கொடுக்கிற ஊரில் எதை வைத்துப் பழகுவீர்கள்? இருட்டில் பின்னாலிருந்து பைக்கில் இருவர் வந்து பையைப் பறிக்கும்போது இடுப்பிலிருந்து அதை எடுக்கவே நேரம் இருக்காது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் சொல்வார்கள்.

2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒளித்து எடுத்துவர முடிகிற கைத்துப்பாக்கி என்ன செய்யும் என்பதைப் பார்த்த மாவட்டம் நம் குமரி. இங்கே அவை பெருகுவதை என்னால் ஆதரிக்க முடியாது.

ஷீட் பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ரொக்கம்தான் தருவேன் என்று வியாபாரி அடம்பிடித்தால், பகலிலேயே வாங்கி, வழியில் உள்ள வங்கியில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.