தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன? அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்க வேண்டுமா?

நேராகச் சொன்னால், பிஎச்சி என்று நாம் சொல்லும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கென்று இங்கே தனிச் சட்டம் கிடையாது. அரசாணையில் பிறந்து அரசாணையில் வளர்வது அது. பொதுச் சுகாதாரத்துக்கு ஒரு சட்டம் உண்டு, 1939ஆம் வருடத்தது. சுகாதார ஆய்வாளராக முப்பது வருடம் அந்தச் சட்டத்தின் பேரில் நோட்டீஸ் எழுதியவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ராஜாஜி பிரதமராக இருந்தபோது (அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள்) சென்னை மாகாணத்தில் வந்த சட்டம் இது. இந்தியாவில் இப்படி முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டம் முதலில் வந்தது இங்கேதான். குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய், திருவிழாக் கூட்டம், விடுதி என்று எதையும் விடவில்லை. தொற்றுநோய்க்காரர் நூலகப் புத்தகத்தைத் தொடுவதைப் பற்றிக்கூட ஒரு பிரிவு உண்டு. படித்தால் சிரிப்பு வரும், ஆனால் எழுதியவர்கள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது பணம் பற்றிய ஏற்பாடு. நகராட்சிகள் அரசு மானியம் போக மீதி வருமானத்தில் குறைந்தது 30 சதவீதத்தையும், அன்றைய ஜில்லா போர்டுகள் 12.5 சதவீதத்தையும் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1946இல் அறிக்கை தந்த போர் குழு (யுத்தம் இல்லை, ஜோசப் போர் என்ற அதிகாரி) இதை எடுத்துக்காட்டியது.

இன்று நாம் பார்க்கும் பிஎச்சி என்ற யோசனை வந்ததே அந்த அறிக்கையில்தான். 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு ஒன்றியம் ஒன்றியமாக அவை வந்தன. ஆக, சட்டத்துக்கு வயது அதிகம், நிலையத்துக்குக் குறைவு. பிள்ளை பிறக்குமுன் எழுதிய உயில் மாதிரி.

இதனால் என்ன கஷ்டம் என்கிறீர்களா? நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டெங்கு சீசன். காலையில் மஸ்தூர்களோடு (கொசு ஒழிப்புக்குப் போகும் தொழிலாளர்கள்) தெருத்தெருவாகப் போய்த் தொட்டியைத் திறந்து பார்த்து, கொசுப்புழு இருந்த வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்தோம். மதியம் திரும்பி வந்தால் ஒரு பெரியவர் எங்கள் வாசலில் நிற்கிறார். காலையில் நோட்டீஸ் வாங்கியவர்தான். "சார், உங்க தொட்டியையும் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தோம். பிரசவ வார்டுக்குப் பின்னால் இருந்த கீழ்நிலைத் தொட்டியில் புழு நெளிகிறது. மூடி உடைந்து எத்தனை மாதம் ஆயிற்றோ.

சட்டப்படி நோட்டீஸ் உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ போக வேண்டும். கட்டடம் ஒரு துறையுடையது, பராமரிப்பு இன்னொரு துறை, உள்ளே உட்கார்ந்திருப்பது நாங்கள். யாருக்கு எழுதுவது? எனக்கு நானே எழுதிக்கொள்வதா? கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு மூடி வாங்கினோம். பெரியவர் அபராதம் கட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

சட்டத்தை யாரும் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. கொரோனா நேரத்தில், 2020 செப்டம்பரில், அவசரச் சட்டம் போட்டுத் திருத்தினார்கள். முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய். அதெல்லாம் மக்கள் பக்கம் கட்ட வேண்டிய கணக்கு. நிலையத்தின் பக்கம் என்ன கடமை என்று அதில் ஒரு வரி சேர்க்கவில்லை.

பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மலபார் முன்பு சென்னை மாகாணம் என்பதால் கேரளத்தின் அந்தப் பகுதியில் இதே 1939 சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. மற்ற பகுதிக்கு 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி சட்டம். 2023இல் இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே சட்டம் கொண்டுவந்தார்கள். மாநிலம், மாவட்டம், உள்ளாட்சி என்று மூன்று அடுக்கு. ஊர் அளவில் பொறுப்பு அங்குள்ள அரசு மருத்துவ அலுவலருக்கு. கேள்வி கேட்க ஒரு முகம் கிடைத்தது, எனக்கு அதுதான் பெரிய விஷயம். அந்தச் சட்டம் முழுக்க 'அவன்' என்பதற்குப் பதில் 'அவள்' என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் கிராம சுகாதார செவிலியர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இங்கே திருத்தினால் நான் கேட்பது ரொம்பப் பெரிதில்லை. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கும், அங்கே குறைந்தபட்சம் என்னென்ன கிடைக்க வேண்டும் என்பதும் வழிகாட்டுதலாக மட்டும் இல்லாமல் சட்டத்தில் ஏற வேண்டும். கட்டடத்துக்கு ஒரே பொறுப்பாளர் வேண்டும். அந்த 30 சதவீதத்தை 'காலாவதியானது' என்று யாராவது தூக்கப் பார்த்தால் விடக் கூடாது. நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் களத்தில் நடப்பவரிடமே இருக்கட்டும். மேலே கோப்பு போய்த் திரும்புவதற்குள் புழு கொசுவாகிவிடும், ஒரு வாரம் பத்து நாள் போதும் அதற்கு.

எல்லாவற்றுக்கும் சட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சட்டம் போட்டு வந்ததில்லை. ஆனால் அரசாணையால் வருவது அரசாணையால் போகவும் செய்யும்.

உங்கள் ஊர் நிலையத்தில் இப்போதே ஏதாவது குறை என்றால் வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். 104க்கும் போன் செய்யலாம். தொட்டி, கூரை, கழிப்பறை சமாசாரம் என்றால், கட்டடம் யாருடைய பராமரிப்பு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கேயும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.